ஹார்ட் ஆபரேஷன்ல எடுத்த துண்டு கேன்சர் மாதிரி தெரியுதுன்னா, அது யாரோட செல்லுன்னு முதல்ல கேளுங்க

கேள்வி சுருக்கமா இது. அப்பாவுக்கு எழுபது வயசு தாண்டியாச்சு, அயோர்டிக் வால்வு சுருங்கிப்போய் வால்வு மாத்தற ஆபரேஷன் பண்ணாங்க, நல்லபடியா வீட்டுக்கும் வந்துட்டார். ஆனா எடுத்த வால்வோட சேந்து பாட்டில்ல ஒரு சின்ன துண்டும் போயிருக்கு, அதைப் பாத்துட்டு லேப்ல முதல்ல "கார்சினோமா பரவியிருக்கான்னு சந்தேகம், இம்யூனோ பண்ணணும்"னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க (கார்சினோமான்னா கேன்சர்ல ஒரு வகை, இம்யூனோன்னா எந்த வகை செல்லுன்னு சாயம் போட்டுக் கண்டுபிடிக்கற சோதனை), அப்புறம் இம்யூனோ முடிஞ்சு "மீசோதீலியல் மோனோசைட்டிக் இன்சிடென்டல் கார்டியாக் எக்ஸ்கிரெசென்ஸ், பினைன்"னு, அதாவது கேன்சர் இல்லாததுன்னு, வேற ரிப்போர்ட் வந்திருக்கு. எதை நம்பறது, கேன்சர் டாக்டரைப் பாக்கணுமா, பெட் ஸ்கேன் எடுத்துடலாமா, பசங்க நாங்களும் எக்கோ பாத்துக்கணுமான்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டாவது ரிப்போர்ட்டை நம்புங்க. முதல் ரிப்போர்ட்ல இருந்தது முடிவு இல்ல, சந்தேகம், அது பாதி வழில உங்க கைக்கு வந்துடுச்சு அவ்ளோதான். நீங்க எழுதியிருக்கற இம்யூனோ ரிசல்ட்ல கெரட்டின் கொஞ்சம் செல்லுல மட்டும் பாசிட்டிவ், கேல்ரெட்டினின் அதே செல்லுல பாசிட்டிவ், மீதி இருக்கற கூட்டம் முழுக்க சிடி68 பாசிட்டிவ், நுரையீரல் கேன்சரைத் தேடற டிடிஎஃப்1 நெகட்டிவ், செல் எவ்ளோ பிரியுதுன்னு காட்டற கேஐ67 ரொம்பக் கம்மி. இந்த அஞ்சையும் சேத்து வெச்சுப் படிச்சா கார்சினோமாங்கற பேச்சுக்கே இடம் இல்ல. ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா காரணம் புரியாம "பயப்படாதீங்க"ன்னு யார் சொன்னாலும் ராத்திரி தூக்கம் வராது, அது எனக்குத் தெரியும், பெத்தாலஜி லேப்ல உக்காந்திருக்கறவங்களுக்கு இந்த மாதிரி போன் வராத வாரம் கம்மி.

ஹார்ட் சும்மா நெஞ்சுக்குள்ள தொங்கிட்டு இல்ல, பெரிகார்டியம்னு ஒரு இரட்டை உறைக்குள்ள இருக்கு, ரெண்டு உறைக்கும் நடுவுல 15ல இருந்து 50 மில்லி வரைக்கும் நீர் இருக்கும். அந்த உறையோட உள்பக்கத்துல ஒரே ஒரு வரிசையா தட்டையா படிஞ்சிருக்கறதுதான் மீசோதீலியல் செல். சும்மா இருக்கறப்போ அது இருக்கறதே தெரியாது. ஆனா அதுக்கு லேசா எரிச்சல் வந்தா போதும், நீர் கோத்துக்கிட்டாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, முன்னாடி ஒரு தடவை ஹார்ட்டுக்குள்ள கேத்தீட்டர்ங்கற மெல்லிசான குழாய் விட்டிருந்தாலோ, வீங்கி உருண்டையாகி, நியூக்ளியஸ் பெருசாகி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மொட்டு மொட்டா கூட்டம் சேத்துக்கும். நுரையீரல் நீர், வயித்து நீர் இதையெல்லாம் சோதிக்கற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, கேன்சர்னு ஏமாத்தறதுல இதுக்கு ஈடு இன்னொரு செல் கிடையாது. இதோட சேர்ற ரெண்டாவது ஆள் ஹிஸ்டியோசைட், அதாவது ரத்தத்துல மோனோசைட்டா சுத்திட்டிருந்து திசுக்குள்ள வந்ததும் குப்பை பொறுக்கற வேலைய எடுத்துக்கற செல். ரிப்போர்ட்ல இருக்கற அந்த நீளமான பேர்ல மீசோதீலியல், மோனோசைட்டிக் ரெண்டும் இவங்கதான். "இன்சிடென்டல்"னா வேற எதுக்கோ போனப்போ தற்செயலா கிடைச்சதுன்னு அர்த்தம், "கார்டியாக்"னா ஹார்ட்டோடது, "எக்ஸ்கிரெசென்ஸ்"னா துருத்திட்டிருக்கற துணுக்கு. இங்கிலீஷ்ல முதல் எழுத்துக்களைச் சேத்து சுருக்கமா மைஸ்னு சொல்லுவாங்க, இனிமே நானும் அப்படியே எழுதறேன்.

ஸ்லைடுல இது எப்படி இருக்கும்னு சொல்றேன், அங்கதான் முழு விஷயமும் இருக்கு. கண்ணால பாத்தா சில மில்லிமீட்டர்ல வெளிறின, மெத்துனு ஒரு துணுக்கு, ரத்தக் கட்டியோட ஒட்டிக்கிட்டு வரும், சில சமயம் அதை விடப் பெருசாவும் வரும். மைக்ராஸ்கோப்புல கம்மி பவர்ல பாத்தா ஒரு சதைத் துண்டு மாதிரியே தெரியும், நெருக்கமா அடைஞ்ச செல்கள், நடுவுல நடுவுல உருண்டையா காலி ஓட்டை. பவர் ஏத்தினா கூட்டத்துல பெரும்பாலானது ஒரே அச்சுல இருக்கற ஹிஸ்டியோசைட், நியூக்ளியஸ் முட்டை வடிவத்துல, சிலதுல நடுவுல ஒரு கோடு விழுந்திருக்கும். அதுக்குள்ள அங்கங்க பட்டையா, குட்டிக் குழாய் மாதிரி, இல்ல மொட்டு மாதிரி கனசதுர செல்கள் வரிசையா நிக்கும், அதுதான் மீசோதீலியல். அந்தக் குழாய் வடிவத்தைப் பாத்ததும் சுரப்பி செல்லுல இருந்து வர்ற கேன்சரான அடினோகார்சினோமான்னு மூளைல ஒரு மணி அடிக்கும், அடிக்கறதும் நியாயம்தான். இதையெல்லாம் ஒட்டி வெச்சிருக்கறது ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையறப்போ வர்ற புரத வலை, கூட கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் ரத்த செல்.

அதுல என்ன இல்லைங்கறதைத்தான் முக்கியமா பாக்கணும். ரத்தக்குழாய் இல்ல. கேன்சர் எங்க போனாலும் அங்க வேர் பிடிக்க ரத்தக்குழாய் வேணும், சுத்தி நாரு மாதிரி ஒரு திசு வளரும், பக்கத்துத் திசுவை அரிச்சுக்கிட்டு உள்ள போகும். மைஸ்ல அது எதுவுமே கிடையாது, எந்தத் திசுலயும் வேர் விடாம ஃபைப்ரின்ல சிக்கி மிதந்துட்டிருக்கற ஒரு மூட்டை. செல் பிரியற உருவமும் தேடினாத்தான் கிடைக்கும், கேஐ67 கம்மின்னு உங்க ரிப்போர்ட்ல வந்ததும் இதனாலதான்.

இப்போ முதல் ரிப்போர்ட் ஏன் அப்படி வந்துச்சுன்னு பாக்கலாம். சந்தேகமா செல் கூட்டம் பாத்தா லேப்ல முதல்ல போடற சாயம் கெரட்டின். கார்சினோமா செல்னா கெரட்டின் பிடிக்கும். ஆனா மீசோதீலியல் செல்லும் கெரட்டின் பிடிக்கும், சாதாரணமா, ஆரோக்கியமா இருக்கறப்பவும் பிடிக்கும். அதனால ஹார்ட்ல இருந்து வந்த துண்டுல "கெரட்டின் பாசிட்டிவ்"ங்கற ஒரே வரிய வெச்சுக்கிட்டு கேன்சர் பரவியிருக்குன்னு சொல்றது ரொம்ப ஆபத்தான வேலை, என்னைக் கேட்டா அந்த ஒரு வரிய மட்டும் தனியா பேஷன்ட் கைல குடுக்கவே கூடாது. அடுத்ததா கேல்ரெட்டினின், டபிள்யூடி1 போடணும், அது மீசோதீலியல் செல்லை அடையாளம் காட்டும். சிடி68, சிடி163 போட்டா ஹிஸ்டியோசைட் கூட்டம் முழுக்கப் பழுப்பா எரியும். கார்சினோமாக்குன்னே இருக்கற கிளாடின்4, பெர்இபி4 மாதிரி சாயங்கள் நெகட்டிவா நிக்கும். கெரட்டின் ஸ்லைடையும் சிடி68 ஸ்லைடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒண்ணுல எரியற இடம் இன்னொண்ணுல காலியா இருக்கும். ரெண்டு வேற வேற குடும்பத்து செல்லு ஒண்ணா கலந்து கிடக்குன்னு அப்ப தெளிவாத் தெரியும். கேன்சர்னா ஒரே செல்லோட வாரிசுங்கதானே கூட்டமா நிக்கணும்.

இன்னொரு பள்ளமும் இருக்கு, லேப்காரங்களுக்குத்தான் இது அதிகமா உதவும், ஆனாலும் சொல்லிடறேன். ஹார்ட்ல சந்தேகமா ஒரு துண்டு வந்தா ரத்தக்குழாய் செல்லுல இருந்து வர்ற கேன்சரான ஆஞ்சியோசார்கோமாவா இருக்குமோன்னு சிடி31 போடுவாங்க. சிடி31 ரத்தக்குழாய் செல்லைக் காட்டற சாயம்தான், ஆனா அது ஹிஸ்டியோசைட்லயும் பிடிக்கும். அதைக் கவனிக்காதவங்க ஒரு அப்பாவி ஹிஸ்டியோசைட் மூட்டைய ரத்தக்குழாய்க் கட்டின்னு எழுத வாய்ப்பு இருக்கு. ஈஆர்ஜி சாயத்தையும் சேத்துப் போட்டா குழப்பம் தீந்துடும், ரத்தக்குழாய் செல்னா அது பிடிக்கும், ஹிஸ்டியோசைட்ல பிடிக்காது. சும்மா சொல்லல, 1990ல இந்தத் துண்டுகளைப் பத்தி முதன்முதல்ல எழுதினப்பவே ஹிஸ்டியோசைட்டாய்டு ஹீமாஞ்சியோமான்னு ஒரு ரத்தக்குழாய்க் கட்டிய ஒத்திருக்குன்னுதான் தலைப்பே வெச்சாங்க, மீசோதீலியல் செல்லும் இதுல கலந்திருக்குன்னு காட்டினதும் அதே கட்டுரைதான். மைஸ்ங்கற பேர் 1994ல வந்துச்சு.

அதே 1994ல இன்னொரு குழு வேற மாதிரி யோசிச்சாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது. ஹார்ட் ஆபரேஷன் நடக்கறப்போ நெஞ்சுக்குள்ள தேங்கற ரத்தத்தை வீணாக்காம ஒரு சக்‌ஷன் குழாய் வெச்சு உறிஞ்சி, வடிகட்டி, திரும்ப பேஷன்ட்டுக்கே பம்ப் வழியா அனுப்புவாங்க. அந்தக் குழாயோட முனை பெரிகார்டியத்தை உரசிக்கிட்டே இருக்கும், உரசறப்போ மீசோதீலியல் செல் பட்டை பட்டையா உரிஞ்சு வரும், கூடவே நீர்ல மிதக்கற ஹிஸ்டியோசைட், கொழுப்பு, ஃபைப்ரின் எல்லாம் போய்ச் சேந்து குழாய்க்குள்ள அமுங்கி ஒரு துண்டா இறுகிடும். அப்போ இது உடம்புக்குள்ள வளந்ததே இல்ல, ஆபரேஷன் டேபிள்ல உருவானதுன்னு அவங்க வாதம். அதுக்கு ஆதாரமா ஆபரேஷன்ல சேர்ற வடிகட்டிக் கழிவையே எடுத்து ஸ்லைடு போட்டுப் பாத்தாங்க, அதே மாதிரி துண்டுகள் அங்கயும் இருந்துச்சு.

ஆனா கதை அத்தோட முடியல. சில பேருக்கு சக்‌ஷன் குழாய் உள்ள போறதுக்கு முன்னாடியே ஹார்ட் அறைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்ததா எழுதியிருக்காங்க, அதுக்கு ஆபரேஷன் சாதனத்தைக் குத்தம் சொல்ல முடியாது. முன்னாடி பண்ணின ஆஞ்சியோகிராம்ல கேத்தீட்டர் இழுத்துட்டு வந்திருக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, அழற்சி வந்து உடம்பே பண்ணின எதிர்வினைன்னு சிலர். குடலிறக்கப் பைல இதே மாதிரி மீசோதீலியல் முடிச்சு வந்து கேன்சர்னு ஏமாத்தறதை 1975லயே விவரிச்சிருக்காங்க, அங்க சக்‌ஷன் குழாயும் இல்ல பம்ப்பும் இல்ல. நுரையீரல்ல எடுக்கற குட்டி பயாப்ஸிலயும் ஹிஸ்டியோசைட் கூட்டம் இதே வேலை காட்டும். என் கணிப்பு என்னன்னா ரெண்டுமே உண்மைதான், வால்வு ஆபரேஷன்ல வால்வோட சேந்து தனியா வர்ற துணுக்குல பெரும்பாலானது குழாய் உரசி வந்தது, உள்ளயே ஒட்டியிருந்து எடுக்கறது உடம்போட எதிர்வினை. எதுவா இருந்தாலும் பேஷன்ட்டுக்கு முடிவு ஒண்ணுதான்: இது கட்டியே இல்ல, பரவாது, இதுக்குன்னு கீமோவோ ரேடியேஷனோ மருந்தோ எதுவும் கிடையாது.

பெட் ஸ்கேன் எடுத்துடலாமான்னு கேட்டீங்களே, இப்போ தயவுசெஞ்சு வேண்டாம். நெஞ்செலும்பை அறுத்துத் தெறந்து மூடின உடம்பு அது, ஆறிட்டிருக்கற எலும்பு, தையல் போட்ட இடம், புது வால்வு ஓரம், பெரிகார்டியம் எல்லாமே சர்க்கரைய இழுத்துக்கிட்டு ஸ்கேன்ல பளிச்சுனு எரியும், அப்புறம் எரியற ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விளக்கம் தேடி அலையணும். அதே மாதிரி "எதுக்கும் டியூமர் மார்க்கர் ரத்தப் பரிசோதனை பண்ணிடுவோம்"னு யாராவது சொல்லி சிஏ125 எடுத்தீங்கன்னா அதுவும் ஏறி இருக்கலாம், ஏன்னா நீர் கோத்துக்கிட்டாலோ ஹார்ட் பலவீனமா இருந்தாலோ எரிச்சலான மீசோதீலியல் செல்லே அதைச் சுரக்கும். நம்ம ஆளு மறுபடியும் வேற ரூபத்துல வந்து ஏமாத்துவார்.

ஹார்ட்ல ஏமாத்தறது மைஸ் மட்டும் இல்ல. மைக்ராஸ்கோப்புல ஏமாத்தறது இதுன்னா, ஸ்கேன்ல ஏமாத்த ஒரு கூட்டமே இருக்கு, இதே மாதிரி பயத்துல இருக்கற மத்தவங்களுக்கும் உபயோகப்படும்னு சொல்றேன். மேல் அறைகள் ரெண்டையும் பிரிக்கற சுவர்ல கொழுப்பு சேந்து தடிச்சுக்கும், 2 சென்டிமீட்டருக்கு மேல போனா அதுக்கு லிப்போமேட்டஸ் ஹைப்பர்ட்ரஃபின்னு பேர், 1964ல விவரிச்சது. வயசானவங்க, உடம்பு கனமா இருக்கறவங்ககிட்ட ஜாஸ்தி பாக்கலாம். நடுவுல ஃபோசா ஓவாலிஸ்ங்கற மெல்லிசான இடத்தை மட்டும் விட்டுட்டு ரெண்டு பக்கமும் பெருத்திருக்கும், அந்த உருவமே அதோட அடையாள அட்டை. இதுல வில்லங்கம் என்னன்னா அந்தக் கொழுப்புல சர்க்கரைய எரிச்சு சூடு தர்ற பழுப்புக் கொழுப்பும் கலந்திருக்கறதால பெட் ஸ்கேன்ல எரியும். வேற ஏதோ கேன்சருக்கு ஸ்கேன் எடுக்கற ஆளுக்கு ஹார்ட்ல ஒரு புள்ளி எரிஞ்சா எல்லாரும் ஆடிப்போயிடுவாங்க, சிடில அதே இடத்துல சுத்தக் கொழுப்பு அடர்த்தி இருக்கான்னு பாத்தா அஞ்சு நிமிஷத்துல முடியற விஷயம்.

வலது மேல் அறைல வலை மாதிரி ஆடற ஒரு இழை சில பேருக்குப் பிறவிலயே இருக்கும், 1897ல ஹான்ஸ் சியாரி விவரிச்சதால சியாரி நெட்வொர்க்குன்னு சொல்லுவாங்க, நூறு பேர்ல சுமார் ரெண்டு பேருக்கு இருக்கு, கருவுல இருந்தப்போ வேலை செஞ்ச ஒரு வால்வோட மிச்சம் அது. அயோர்டிக் வால்வு ஓரத்துல நூல் மாதிரி தொங்கறது லாம்பிள் எக்ஸ்கிரெசென்ஸ், 1856ல எழுதினது, வால்வு மூடித் தெறந்து தேயறதுல வர்றது. இடது மேல் அறைல நுரையீரல் ரத்தக்குழாய் வந்து சேர்ற இடத்துக்கும் பக்கத்துப் பைக்கும் நடுவுல ஒரு மேடு எல்லாருக்கும் இருக்கும், அதை ரத்தக் கட்டின்னு நினைச்சு வார்ஃபரின் மாத்திரை குடுத்த காலம் ஒண்ணு இருந்துச்சு, இன்னிக்கும் எக்கோ பாக்கறவங்க அந்த மேட்டை கூமடின்ங்கற அந்த மாத்திரையோட பிராண்ட் பேர்லதான் கூப்பிடறாங்க. வயசான பெண்களுக்கு மைட்ரல் வால்வு வளையத்துல சுண்ணாம்பு படிஞ்சு நடுவுல இளகிப்போறதும் உண்டு, எக்கோல பாத்தா பெரிய கட்டி, ஆபரேஷன்ல தெறந்தா உள்ள டூத்பேஸ்ட் மாதிரி வெள்ளையா பிதுங்கி வரும். தெரிஞ்சவங்க சிடி ஒண்ணு எடுத்து சுண்ணாம்பு ஓடு தெரியுதுன்னு சொல்லி பேஷன்ட்டை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

இது எல்லாத்துக்கும் அடுத்தபடியா நிஜமாவே கட்டியா இருந்து, ஆனா கேன்சரா இல்லாத ஒரு வகை இருக்கு, அதையும் மைஸையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. பினைன்னு எழுதியிருந்தா சும்மா விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல, ஹார்ட்ல இருக்கற பினைன் கட்டி இடத்தாலயே ஆளைச் சாய்க்கும். மிக்சோமா பெரும்பாலும் இடது மேல் அறைல, மேல் அறைகளைப் பிரிக்கற அந்த நடுச்சுவர்ல காம்பு வெச்சுத் தொங்கும், வால்வு வாயில போய் அடைச்சுக்கும், துண்டு உடைஞ்சு மூளைக்குப் போகும், காய்ச்சல், எடை குறையறது, ரத்தத்துல அழற்சியைக் காட்டற ஈஎஸ்ஆர் ஏறறதுன்னு வேற வியாதி வேஷம் எல்லாம் போடும். 1953ல ஸ்வீடன்ல எட்லரும் ஹெர்ட்ஸும் எக்கோவுக்கு அஸ்திவாரம் போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் பெரும்பாலும் போஸ்ட்மார்ட்டத்துலதான் தெரிஞ்சுது, அடுத்த வருஷமே அதே நாட்டுல கிராஃபோர்டுங்கற சர்ஜன் ஹார்ட் லங் மெஷின் வெச்சு மிக்சோமாவை எடுத்துக் காட்டினார். பேப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமா வால்வு மேல வளரும், எடுத்துத் தண்ணில போட்டா இழை இழையா விரியும், அழகாத்தான் இருக்கும், ஆனா இடது பக்கத்துல ஆடிட்டிருந்தா அதுல இருந்து ஸ்ட்ரோக் வர்ற அபாயம் இருக்கறதால எடுக்கச் சொல்லுவாங்க. கைக்குழந்தைகளுக்கு வர்ற ராப்டோமயோமா நேர் எதிர், பாக்க பயங்கரமா பல கட்டியா இருக்கும், பெரும்பாலும் தானாவே சுருங்கிடும், ஆனா பல உறுப்புல கட்டி வர்ற டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ்ங்கற மரபணு வியாதி இருக்கான்னு குழந்தையக் கட்டாயம் சோதிக்கணும்.

அப்போ எப்பதான் பயப்படணும்? ஹார்ட்லயே தொடங்கற கட்டி ரொம்ப அபூர்வம், பத்தாயிரம் போஸ்ட்மார்ட்டத்துல சுமார் ரெண்டுல பாக்கறது, அதுலயும் பெரும்பகுதி பினைன். வேற இடத்துல இருந்து ஹார்ட்டுக்குப் பரவற கேன்சர் அதை விட இருபது மடங்குக்கும் மேல ஜாஸ்தி. நுரையீரல், மார்பகம், லிம்ஃபோமா, கிட்னி எல்லாம் வரும், மச்சம் மாதிரி தோல்ல வர்ற கேன்சரான மெலனோமாவுக்கு ஹார்ட் மேல தனி மோகமே உண்டு. அதனாலதான் துண்டுல சந்தேகமா செல் பாத்தா பெத்தாலஜிஸ்ட் முதல்ல பரவினதான்னு யோசிக்கறார், அதுல தப்பே இல்ல. ஸ்கேன்ல பாக்கறப்போ கட்டி அகலமான அடியோட சுவர்ல பதிஞ்சிருந்தா, ஒரு அறைல இருந்து இன்னொரு அறைக்கு இல்ல பெரிகார்டியத்துக்கு அரிச்சுக்கிட்டுப் போயிருந்தா, வலது மேல் அறைல பெருசா இருந்து சுத்தி ரத்தம் கலந்த நீர் கோத்திருந்தா, அப்போ ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது, ஆஞ்சியோசார்கோமா அப்படித்தான் வரும். சந்தேகம் இருந்தா ஹார்ட் எம்ஆர்ஐ நல்ல நடுவர்: கொழுப்பை அணைக்கற முறைல எடுத்தா கொழுப்பு கறுத்துப்போகும், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டா ரத்தக்குழாய் இருக்கற கட்டி அதை இழுத்துக்கும், வெறும் ரத்தக் கட்டி இழுக்காம கறுப்பாவே நிக்கும். ஹார்ட்டுக்குள்ள தெரியற உருண்டைகள்ல எண்ணிக்கைல முதல் இடம் அந்த ரத்தக் கட்டிக்குத்தான், அது கட்டின்னு பேர் இருந்தாலும் கட்டியே இல்ல.

உங்க அப்பா விஷயத்துல இது எதுவுமே கிடையாது. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த எக்கோல கட்டின்னு எதுவும் சொல்லல, சர்ஜன் நெஞ்சைத் தெறந்து கண்ணால பாத்திருக்கார், பெரிகார்டியத்துல முடிச்சோ தடிப்போ இருந்திருந்தா ஆபரேஷன் நோட்ல கட்டாயம் எழுதியிருப்பார். அந்த நோட்டை வாங்கி ஒரு தடவை படிங்க, டிஸ்சார்ஜ் சம்மரில அது சுருக்கமாத்தான் இருக்கும், முழு நோட்டைக் கேட்டா குடுப்பாங்க. நான் கேக்கற ஒரே கேள்வி, அப்பாவுக்கு முன்னாடி எப்பவாவது கேன்சர் வந்து வைத்தியம் பண்ணியிருக்கா? புராஸ்டேட், கிட்னி, குடல், தோல்ல எடுத்த மச்சம் கூட. இருந்துச்சுன்னா அதை லேப்ல சொல்லுங்க, அந்தந்த உறுப்புக்குன்னு சாயம் இருக்கு, புராஸ்டேட்னா என்கேஎக்ஸ்3.1, கிட்னின்னா பாக்ஸ்8, குடல்னா சிடிஎக்ஸ்2, மெலனோமான்னா சாக்ஸ்10, துண்டை மெழுகுல பதிச்சு வெச்சிருக்கற அதே பிளாக்குல இருந்து இன்னும் ரெண்டு சீவல் சீவிப் போட்டுப் பாத்துடலாம். பெத்தாலஜிஸ்ட்டுக்கு அனுப்பற ஃபாரத்துல அயோர்டிக் வால்வு மாத்தினதுக்கு "ஏவிஆர்"னு மூணெழுத்து மட்டும் எழுதி அனுப்பற பழக்கம் ஊர் உலகம் பூரா இருக்கு, பழைய வியாதி எதுவுமே அதுல வராது, இவங்க ஸ்லைடை வெச்சுக்கிட்டு இருட்டுல துழாவணும். முதல் ரிப்போர்ட் அப்படி வர்றதுக்குப் பாதிக் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

மனசு ஒப்பலைன்னா செகண்ட் ஒப்பீனியன் கேளுங்க, அதுல லேப்காரங்க கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல. ஹார்ட் ஆபரேஷன் நிறைய நடக்கற பெரிய ஆஸ்பத்திரியோட பெத்தாலஜி டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பறது நல்லது, ஏன்னா மைஸை ஒரு தடவை பாத்தவங்களுக்கு அடுத்த தடவை ரெண்டு நிமிஷ வேலை, பாக்காதவங்களுக்கு ரெண்டு வாரத் தலைவலி. அனுப்பறப்போ ஸ்லைடு மட்டும் இல்லாம பாரஃபின் பிளாக்கையும் சேத்து அனுப்பச் சொல்லுங்க, இம்யூனோ பண்ணின ஸ்லைடையும் சேத்து. பிளாக் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், துண்டு வேற சின்னது, சீவச் சீவத் தீந்துடும், அதனால யார்கிட்ட குடுத்தோம்னு எழுதி வாங்கிக்கங்க, வேலை முடிஞ்சதும் திரும்ப வாங்குங்க. கேன்சர் டாக்டரைப் பாக்கறதுக்கு இப்போ காரணமே இல்ல. பாத்தாலும் அவர் இந்த ரெண்டாவது ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு உங்களைத் திருப்பி கார்டியாலஜிஸ்ட்கிட்டயே அனுப்புவார். அப்பாவுக்கு இனிமே பாக்க வேண்டியது புது வால்வுதான்: வால்வு டாக்டர் சொல்ற தேதிக்கு எக்கோ, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை குடுத்திருந்தா அதோட அளவு, பல் புடுங்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் வேணுமான்னு கேட்டுக்கறது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தா சும்மா பாராசிட்டமால் போட்டுத் தள்ளாம உடனே காட்டுங்க, வால்வுல கிருமி தொத்தறது நிஜமான ஆபத்து, இந்தத் துணுக்கு இல்ல.

கடைசியா உங்களுக்கும் தம்பிக்கும் எக்கோ வேணுமான்னு கேட்டீங்க. மைஸுக்காக வேண்டாம், அது பரம்பரைல வர்றதே இல்ல. குடும்பத்துல ஓடற ஹார்ட் கட்டின்னா மிக்சோமால ஒரு சின்ன பங்குதான், கார்னி காம்ப்ளெக்ஸ்னு 1985ல விவரிச்சது, சின்ன வயசுலயே வரும், பல இடத்துல வரும், உதட்டுலயும் முகத்துலயும் கரும்புள்ளி நிறைய இருக்கும், உங்க வீட்டுல அந்த மாதிரி யாருக்கும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஆனா அந்த ஆபரேஷன் நோட்டை வாங்கறப்போ இன்னொரு வரியையும் தேடுங்க, அப்பாவோட அயோர்டிக் வால்வு மூணு இதழா, இல்ல பிறவிலேயே ரெண்டு இதழான்னு. நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு ரெண்டு இதழ்தான் இருக்கும், அது குடும்பத்துல ஓடும், கூடவே அயோர்ட்டாவும் வீங்கலாம். "பைகஸ்பிட்"னு எழுதியிருந்தா நீங்க ரெண்டு பேரும் ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடுங்க, "ட்ரைகஸ்பிட்"னு இருந்தா உங்களுக்கு எக்கோவே வேண்டாம்.